பெயர் ஒருவருடையது, வண்டி இன்னொருவருடையது! - ஜி.எஸ்.டி. சாலையின் பெயர் மாறிய கார்கள்

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களின் கழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அப்பா காலத்துப் பழைய பைனாகுலர் ஒன்றாவது அந்தக் கூட்டத்தில் தென்படும். அதன் மேல் ஏதாவது ஒரு அமெரிக்கப் பெயர் பெரிதாகப் பொறித்திருக்கும். பெரும்பாலும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அதைச் செய்திருக்க மாட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் டோக்கியோவின் இதாபாஷி பக்கம் சின்னச் சின்னப் பட்டறைகள் பைனாகுலர் செய்ய ஆரம்பித்தன. இறக்குமதி செய்கிறவர் எந்தப் பெயரைக் கேட்டாரோ அந்தப் பெயரை அடித்துக் கொடுத்தார்கள். ஒரே பட்டறையின் சரக்கு டாஸ்கோ என்றும் போகும், சியர்ஸ் என்றும் போகும். சரக்கு மோசமாக இருந்தால் யாரைப் பிடிப்பது? அதற்காக ஜப்பான்காரர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். செய்தவருக்கு ஜே.பி. என்று ஒரு எண், பூட்டி ஏற்றுமதி செய்தவருக்கு ஜே.இ. என்று ஒரு எண். அதைக் கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில், மடக்கும் கீலின் பக்கத்தில், குட்டியாக அடித்துவிடுவார்கள். இன்றைக்கும் பழைய பைனாகுலர் சேர்க்கிறவர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, அந்த எண்ணைத்தான் தேடுகிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்க டோக்கியோ வரை போகவேண்டியதில்லை. பொத்தேரி ஸ்டேஷனில் நின்றுகொண்டு வடக்கே பார்த்தால் வண்டலூர், தெற்கே பார்த்தால் மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவிலில் மேற்கே திரும்பினால் ஒரகடம். இந்த மூன்று இடத்திலும் கார் செய்திருக்கிறார்கள். மூன்றிலும் ஒரு வண்டிக்கு வேறொரு பெயர் ஒட்டும் வேலை நடந்திருக்கிறது. பைனாகுலரில் ஏமாந்தால் சில நூறு ரூபாய் போகும். காரில் ஏமாந்தால்?

முதலில் வண்டலூர். மிருகக்காட்சி சாலைக்கு முன்னாலேயே வண்டலூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு கார் கம்பெனி. 1948-ல் சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்), இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியோடு சேர்ந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடைப்பட்ட இடத்தில் தொழிற்சாலை. முதலில் வான்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் 8, ஸ்டாண்டர்ட் 10, பென்னன்ட் என்று வண்டிகள் வந்தன. அங்கே பிரித்து அனுப்பியதை இங்கே பூட்டுவதுதான் ஆரம்பத்தில் வேலை. 1953-ல் மத்திய அரசு, வெறுமனே பூட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக இங்கேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் இருப்பவர்கள் மட்டும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு போனது அதனால்தான். வண்டலூர்க்காரர்கள் தங்கினார்கள்.

1961-ல் வந்தது ஹெரால்டு. நம் தாத்தா தலைமுறையைக் கேட்டால் "ஸ்டாண்டர்ட் ஹெரால்டு" என்று கண்ணில் ஒரு பளபளப்போடு சொல்வார்கள். ஆனால் இங்கிலாந்தில் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். அங்கே அது ட்ரையம்ஃப் ஹெரால்டு. 1959-ல் வெளிவந்தது. ஜியோவானி மிச்செலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். ஸ்டாண்டர்ட் கம்பெனி 1940-களில் ட்ரையம்ஃபை விலைக்கு வாங்கியிருந்தது. ஆக, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயருக்கு மவுசு போய்விட்டது. ஒரு காலத்தில் 'தரமானது' என்று அர்த்தம் கொடுத்த சொல், 'டீலக்ஸ் இல்லாத சாதா மாடல்' என்று கேட்கத் தொடங்கிவிட்டது. அதனால் புது வண்டிக்கெல்லாம் ட்ரையம்ஃப் பெயரை வைத்தார்கள். இங்கேயோ கம்பெனியின் பெயரே ஸ்டாண்டர்ட். எனவே கடல் தாண்டியதும் பெயர் மாறியது.

1963-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற கார்ப் பெயரை மொத்தமாகவே விட்டுவிட்டார்கள். 1903-ல் பிறந்த பெயர், அறுபது வயதில் சொந்த ஊரில் செத்துப்போனது. ஆனால் வண்டலூரில் இன்னும் கால் நூற்றாண்டு உயிரோடு இருந்தது! அதுவும் சும்மா பெயரளவில் அல்ல. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவுதான். நான்கு கதவு வைத்த ஹெரால்டை வண்டலூரில் செய்தார்கள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற ஊரில் இரண்டு கதவை வைத்துக்கொண்டு பாட்டியை எப்படிப் பின்சீட்டுக்கு ஏற்றுவது? 1971-ல் இங்கிலாந்தில் ஹெரால்டு நின்றது. அதற்குப் பிறகும் கஸெல் என்று பெயர் மாற்றி, நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு ஒத்துவராத பின்பக்க ஆக்சிலை மாற்றி, அதே 948 சி.சி. எஞ்சினோடு 1970-களின் பிற்பகுதி வரை ஓட்டினார்கள். இந்தப் பெயர் மாற்றத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வண்டியில் உள்ள உழைப்பு உண்மையிலேயே இங்கே போடப்பட்டது.

அடுத்தது அப்படியில்லை.

கஸெலுக்குப் பிறகு சில வருடம் வேன் மட்டும் செய்துகொண்டிருந்த கம்பெனி, 1985-ல் மறுபடி ஒரு காரோடு வந்தது. பெயர் ஸ்டாண்டர்ட் 2000. நீளமான மூக்கு, சரிந்த பின்பக்கம். பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள், காரணம் அது இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவில் 1977-ன் சிறந்த கார் என்ற விருது வாங்கிய வண்டி. அங்கே அதில் 3.5 லிட்டர் வி-8 எஞ்சின். அம்பாசடரும் பத்மினியும் மட்டுமே பார்த்துப் பழகிய சாலையில் அது ஒரு விண்கலம் மாதிரி இறங்கியது.

மூடியைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். உள்ளே இருந்தது ரோவர் எஞ்சின் இல்லை. 1991 சி.சி. நான்கு சிலிண்டர், கிட்டத்தட்ட 83 குதிரைத்திறன். அதன் மூலம் எது தெரியுமா? 1940-களின் வான்கார்ட் எஞ்சின். அதே குடும்பத்து எஞ்சின்தான் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. வெளியே 1976-ன் உடம்பு, உள்ளே 1947-ன் இதயம், மேலே 1963-ல் செத்துப்போன பெயர். இதைவிடக் கலவையான ஒரு கார் இந்தியாவில் வந்ததாகத் தெரியவில்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் முழுக்கத் திட்டவும் முடியாது. அன்னியச் செலாவணிக்கு அரசாங்கத்திடம் கையேந்த வேண்டிய காலம். புது எஞ்சினை வெளியிலிருந்து கொண்டுவருவது லேசில்லை. பழைய எஞ்சினைச் செய்யும் வசதி வண்டலூரில் ஏற்கனவே இருந்தது. இருப்பதைக் கொண்டு சமைத்தார்கள். ஆனால் வாங்குகிறவர் பார்த்தது ரோவரின் உருவத்தை, கொடுத்தது ரோவருக்கான விலையை. அந்தக் கனமான உடம்பை இழுக்க அந்த எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது, பெட்ரோலை வேறு குடித்தது. அதற்குள் மாருதி 800 வந்து ஒன்றரை இரண்டு வருடம் ஆகியிருந்தது. கைக்கு அடக்கமான, பெட்ரோல் குடிக்காத, சொன்னபடி ஓடுகிற ஒரு வண்டி எப்படி இருக்கும் என்று மக்களுக்குத் தெரிந்துவிட்டது. 1988-ல் ஸ்டாண்டர்ட் 2000 நின்றது. கார் உற்பத்தி அதோடு சரி. கம்பெனியின் சொத்துக்கள் 2006-ல் ஏலத்துக்கு வந்தன. சுமார் நாற்பது வருடம் ஷிப்ட் சங்கு ஊதிய இடம். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ரோவரும் இல்லை, ட்ரையம்ஃபும் இல்லை. "எங்க அப்பா ஸ்டாண்டர்ட்ல இருந்தார்", அவ்வளவுதான்.

(இங்கே ஒரு இடைச்செருகல். வண்டலூரைப் போலவே சென்னையின் வடகோடியில், திருவொற்றியூரில், 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி இழுத்து மூடப்பட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துக்கே போகிறது. ஒரே மாதிரி ஜாதகம், ஒன்று அரசனானது, இன்னொன்று ஏலத்தில் போனது.)

மறைமலை நகரில் நடந்தது சின்னப் பெயர் விளையாட்டு. 1995-ல் மஹிந்திராவோடு கூட்டாக வந்த ஃபோர்டு, 1999-ல் இகான் காரை விட்டது. "ஜோஷ் மெஷின்" என்ற விளம்பரம் நினைவிருக்கிறதா? அது ஐரோப்பாவின் ஃபியஸ்டாவுக்குப் பின்னால் டிக்கி வைத்த வண்டி. 2010-ல் வந்த ஃபிகோவும் அப்படித்தான். ஐரோப்பாவில் ஓய்வு பெற்ற பழைய ஃபியஸ்டா உருவத்துக்கு மெருகேற்றி, 'அசத்தல்' என்று அர்த்தம் வரும் இத்தாலிய வட்டாரச் சொல்லைப் பெயராக வைத்தார்கள். ஆனால் செய்தவரும் ஃபோர்டு, பெயரும் ஃபோர்டு. அதனால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டியும் நன்றாகவே இருந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகரின் கடைசி வண்டி 2022 ஜூலையில் வெளியே வந்தது. ஆலையை ஏற்றுமதிக்காகத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணத்தை 2024-ல் தெரிவித்தார்கள்.

பைனாகுலர் கதை அச்சு அசலாக நடந்தது ஒரகடத்தில்தான். அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பிரான்சின் ரெனால்டும் ஜப்பானின் நிஸானும் 1999 முதல் கூட்டாளிகள். இரண்டும் சேர்ந்து 4,500 கோடி ரூபாய் திட்டத்தில், வருடத்துக்கு நான்கு லட்சம் வண்டி செய்யக்கூடிய ஆலையை ஒரகடத்தில் கட்டின. 2010 மார்ச்சில் திறப்பு விழா. அதே வருடம் ஜூலையில் நிஸான் மைக்ரா விற்பனைக்கு வந்தது. 2011-ல் நிஸான் சன்னி. இதுவரை சரி.

2012 ஜனவரியில் ரெனால்ட் பல்ஸ் என்று ஒரு "புது" கார் வந்தது. முன்பக்கத்து ஜாலி வேறு, பம்பர் வேறு, சின்னம் வேறு. கதவு, கூரை, கண்ணாடி, எஞ்சின், கியர் எல்லாம் மைக்ரா! அதே வருடம் செப்டம்பரில் ரெனால்ட் ஸ்காலா. அது சன்னி. பதிலுக்கு நிஸானும் சும்மா இருக்கவில்லை. 2012 ஜூலையில் வந்த ரெனால்ட் டஸ்டர் நன்றாக விற்றதும், 2013-ல் அதே வண்டிக்கு வேறு முகம் வைத்து நிஸான் டெரானோ என்று விட்டது. டெரானோ என்பது 1980-களில் நிஸான் வேறொரு ஜீப் வகை வண்டிக்கு வைத்த பெயர். அலமாரியிலிருந்து எடுத்துத் தூசு தட்டிக்கொண்டார்கள்.

இன்னும் கேளுங்கள். டஸ்டரே ரெனால்டின் சொந்தப் பெயர்ப் பிள்ளை இல்லை. ஐரோப்பாவில் அது ருமேனியக் கம்பெனியான டாசியாவின் வண்டி. டாசியா ரெனால்டுக்குச் சொந்தம். இங்கிலாந்தில் டாசியா டஸ்டரை விற்கத் தொடங்கியபோது அந்த ஊருக்கு வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும். ருமேனியாவில் ஓடுவது இடப்பக்கம். வலப்பக்க வண்டி எங்கே தயாராகிறது? ஒரகடத்தில். ஆகவே ஒரே கூரையின் கீழ், ஒரே வண்டி, உள்ளூருக்கு ரெனால்ட், ஷோரூம் மாறினால் நிஸான், கப்பல் ஏறினால் டாசியா!

இப்படிச் செய்வதில் கம்பெனிக்கு என்ன லாபம்? ஒரு புது காருக்கான அச்சுகளும் சோதனைகளும் பல நூறு கோடி தின்னும். அதை இரண்டு பெயருக்குப் பகிர்ந்தால் செலவு குறையும். ஆலை சும்மா கிடக்காது. புதிதாக நுழையும் கம்பெனிக்கு ஷோரூமில் நிறுத்த நான்கு வண்டி உடனே கிடைத்துவிடும். 2019-ல் மாருதி பலேனோவை டொயோட்டா க்ளான்ஸா என்று விற்க ஆரம்பித்ததும் இதே கணக்குதான்.

வாங்குகிறவருக்கு? இங்கேதான் சூட்சுமம். புது வண்டியாக வாங்கியவருக்கு நஷ்டம். பல்ஸும் ஸ்காலாவும் சரியாக விற்காமல் 2017-ல் நிறுத்தப்பட்டன. பெயர் தெரியாத வண்டிக்கு மறுவிற்பனை விலை கிடைக்காது. ஆனால் பழைய வண்டி தேடுகிற மாணவருக்கோ இது வரம். ஸ்காலா என்றால் பயந்து ஓடுகிறவர் சன்னி என்றால் கூடுதலாகக் கொடுக்கிறார். வண்டி ஒன்றுதானே! பம்பரும் ஜாலியும் முகவிளக்கும் தேடி அலைய வேண்டியிருக்கும். எஞ்சின் பக்கத்துச் சாமான் என்றால் ஜி.பி. ரோட்டில் போய் சன்னியின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். பெயர் மாற்றம் தெரிந்தவனுக்குக் காசு மிச்சம், தெரியாதவனுக்குத் தலைவலி.

சரி, பைனாகுலரில் ஜே.பி. எண் இருந்தது போல காரில் ஏதாவது உண்டா? உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர் என்று பதினேழு இலக்கம் இருக்கும். முதல் எழுத்து எம் என்றிருந்தால் இந்திய வண்டியாக இருக்கலாம். முதல் மூன்று எழுத்து கம்பெனியைச் சொல்லும். ரெனால்டுக்கு எம்.இ.இ., நிஸானுக்கு எம்.டி.எச். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். ஒரே ஆலையிலிருந்து வந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு வேறு குறி! ஜப்பான் பட்டறைக்காரரின் குறி செய்தவரைக் காட்டிக்கொடுத்தது. இந்தக் குறி விற்பவரின் பெயரையே திரும்பச் சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அறுபது வருடத்துக்கு முந்தைய பைனாகுலரே மேல்.

ஒரகடத்தின் இன்னொரு பெயர் டாட்சன். இது செத்துப் பிழைத்து மறுபடி செத்த பெயர். 1910-களில் மூன்று முதலீட்டாளர்களின் பெயர் முதலெழுத்தைச் சேர்த்து 'டாட்' என்று ஒரு ஜப்பானியக் கார் வந்தது. 1930-களில் வந்த சின்ன வண்டிக்கு 'டாட்டின் மகன்' என்ற பொருளில் டாட்சன் என்று ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். 'சன்' என்ற ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் 'சோன்' என்பதற்கு ஜப்பானியத்தில் நஷ்டம் என்று அர்த்தம் வருகிறது. அபசகுனம்! உடனே மகனைக் குறிக்கும் எழுத்துக்களை எடுத்துவிட்டுச் சூரியனைக் குறிக்கும் எழுத்துக்களை வைத்தார்கள். நம்மூர் எண்கணித ஜோசியர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். 1980-களில் நிஸான் அந்தப் பெயரைக் கைவிட்டது. 2012-ல், விலை குறைந்த வண்டிகளுக்காக அதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது. 2014 மார்ச்சில் டாட்சன் கோ இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. உள்ளே மைக்ராவின் அடித்தளம். 2016-ல் வந்த ரெடி-கோவின் அடியில் ரெனால்ட் க்விட்.

2014 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு டாட்சன் கோவை மோதவிட்டுச் சோதித்து, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தது. வண்டியை இந்தியச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுங்கள் என்று நிஸானின் தலைமைக்கே கடிதம் எழுதியது. இந்திய விதிகளுக்கு உட்பட்டதுதான் என்று நிஸான் சொன்னது. முக்கியமான கேள்வி அதில்லை. நிஸான் என்ற பெயரில் அப்படி ஒரு வண்டியை விற்றிருப்பார்களா? குறைந்த விலைக்குத் தனிப் பெயர் வைப்பதன் வசதியே, கெட்ட பெயர் வந்தால் அது அந்தப் பெயரோடு போய்விடும் என்பதுதானோ என்று தோன்றுகிறது. போய்விட்டது. 2022-ல் டாட்சன் உற்பத்தி நின்றது. வாங்கியவர்கள் சர்வீஸுக்கு நிஸான் ஷோரூமுக்குப் போகிறார்கள். அங்கே டாட்சன் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

மீதிக் கதை சீக்கிரம் முடிந்தது. பல்ஸ், ஸ்காலாவைத் தொடர்ந்து 2020 வாக்கில் மைக்ரா, சன்னி, டெரானோ எல்லாம் நின்றன. இரு கம்பெனிகளும் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். 2020 டிசம்பரில் வந்த நிஸான் மேக்னைட்டும், 2021-ல் வந்த ரெனால்ட் கைகரும் ஒரே அடித்தளம், ஒரே டர்போ எஞ்சின் கொண்டவை. ஆனால் வெளித்தோற்றத்தைத் தனித்தனியாக வரைந்தார்கள். பம்பரை மட்டும் மாற்றி ஏமாற்றவில்லை. மேக்னைட் நன்றாக விற்றது, பல வெளிநாடுகளுக்கும் கப்பல் ஏறியது.

ஒரகடம் ஆலையில் பெரும் பங்கு நிஸானுடையதாக இருந்தது. 2025 மார்ச்சில், தன் வசமிருந்த 51 சதவீதத்தையும் ரெனால்டுக்கு விற்பதாக நிஸான் அறிவித்தது. ஆகஸ்டில் கைமாற்றம் முடிந்தது. இப்போது ஆலை முழுக்க ரெனால்டின் சொத்து. மேக்னைட்டை அங்கேதான் செய்கிறார்கள். ஒரகடத்தில் ரெனால்டின் ஆட்கள் பூட்டி முடித்த வண்டி லாரியில் ஏறிச் சிங்கப்பெருமாள் கோவில் வழியாக ஜி.எஸ்.டி. சாலைக்கு வருகிறது. மூக்கில் நிஸான் என்று எழுதியிருக்கிறது.